சேவையை அளக்கும் கோல்

உலகிற்கு ஏதேனும் நன்மை செய்தல் வேண்டும் என்னும் வேட்கை கற்ற இளைஞர் உள்ளத்தில் இயல்பாக எழுவது. அவ்வேட்கை போற்றற்குரியது. ஆயினும், செய்த நன்மை நன்மையாயிற்றா என்று கூறும் உரிமை யாருக்கு உண்டு? செய்தவர்க்கா, பெற்றவர்க்கா? பெற்றவர்க்கே என்று சொல்லுதல் எளிது. அச்சொல்லின்படி நடத்தல் அரிது. அங்ஙனம் நடக்க முயன்ற முஸ்லிம் அறிஞர் மூவரை நம் மாணவர்க்கு அறிமுகம் செய்ய விரும்புகிறோம். மூவரும் உயர்கல்வி பெற்றவர்; மூவரும் நாற்பது வயது நிரம்புமுன்னரே ஏழையர் வாயிலில் மாணவராய் நின்றவர்.

முதலாமவர் அக்தர் ஹமீத் கான். 1914-இல் பிறந்து, கேம்பிரிட்ஜிற் பயின்று, இந்திய சிவில் சர்விஸில் அமர்ந்தவர். 1943-ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம் இவர் மனத்தைக் கலக்கிற்று. 1945-இல் பதவியைத் துறந்து, அலிகாருக்கு அருகே ஒரு சிற்றூரிற் கூலியாளாகவும் பூட்டுத் தொழிலாளியாகவும் உழைத்தார். பின்னாளில், 1980-இல், கராச்சி நகரின் ஓரங்கிப் பகுதியில் இவர் பணி தொடங்கியபோது, அங்குள்ள சந்துகளிற் கழிவுநீர் தேங்கிக் கிடந்தது. இவர் சாக்கடை கட்டிக் கொடுத்தாரல்லர். சந்துதோறும் மக்களை ஒன்றுகூட்டி, அவர்தம் பணத்தாலும் உழைப்பாலும் அவர்களே கட்டிக்கொள்ளுமாறு செய்தார். செலவைக் குறைக்கும் வழியையும் வேலையின் நுட்பத்தையும் மட்டுமே இவர் கூட்டத்தார் வழங்கினர்.

இரண்டாமவர் முகம்மது யூனுஸ். சிட்டகாங் பல்கலைக்கழகத்திற் பொருளாதாரம் கற்பித்த இவர், 1974-ஆம் ஆண்டின் பஞ்சத்தைக் கண்டபின், அருகிலிருந்த ஜோப்ரா என்னும் கிராமத்தையே தம் பாடநூலாகக் கொண்டார். மூங்கில் முக்காலி செய்யும் பெண்ணொருத்தி, மூங்கில் வாங்க வணிகனிடம் கடன்பட்டு, அவன் சொன்ன விலைக்கே முக்காலியை அவனிடம் விற்று, அற்பக் காசே ஈட்டுவதை அறிந்தார். அவ்வூரில் 42 பேர்க்கு வேண்டிய முதல் மொத்தம் 856 டாக்கா மட்டுமே. 1976-இல் அதனைத் தம் கைப்பொருளினின்றும் கொடுத்தார். அச்செயலினின்றும் தோன்றியதே 1983-இல் தனி வங்கியாக அமைந்த கிராமீண் வங்கி. 2006-இல் இவருக்கும் அவ்வங்கிக்கும் அமைதிக்கான நோபெல் பரிசு கிடைத்தது. சிறுகடன் ஒன்றே வறுமையை ஒழித்துவிடும் என்று பலர் புகழ்ந்தனர். பின்வந்த ஆராய்ச்சிகள் அத்துணைப் பெரும்பயனைக் காட்டவில்லை. நல்ல முயற்சியும் ஓயாது அளக்கப்படல் வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

அவ்வளவுகோலை மிகத் தெளிவாகக் கையாண்டவர் மூன்றாமவராகிய பஸ்லே ஹஸன் ஆபேத். 1936-இல் சில்ஹெட் பகுதியிற் பிறந்து, இலண்டனிற் கணக்கியல் பயின்று, சிட்டகாங்கில் ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் உயர்பதவி வகித்தவர். 1970 நவம்பரில் வங்கக் கடற்கரையை அழித்த பெரும்புயல் இவர் வாழ்வின் போக்கை மாற்றியது. 1972-இல், வங்கதேசம் விடுதலை பெற்றபின், இலண்டனிலிருந்த தம் இல்லத்தை விற்று, அகதிகளாய்ச் சென்று மீண்ட மக்களுக்கு உதவும் பணியைச் சுல்லா என்னுமிடத்தில் தொடங்கினார். அதுவே பிராக் என்னும் பெருநிறுவனமாய் வளர்ந்தது.

வயிற்றுப்போக்கால் குழந்தைகள் எண்ணற்றோர் மாண்ட காலம் அது. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பருகுவித்தால் உயிர் காக்கலாம் என்பதை டாக்காவிலிருந்த விஞ்ஞானியர் 1968-இல் நிலைநாட்டியிருந்தனர். ஆனால் அம்மருந்து ஊர்தோறும் சென்று சேர வழியில்லை. ஆதலின் ஆபேத், மருந்தை அனுப்பாது அறிவை அனுப்பினார். மூவிரற் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணீர்: இதனைப் பயிற்சி பெற்ற பெண்கள் வீடு வீடாகச் சென்று தாய்மார்க்குக் கற்பித்தனர். 1980 முதல் 1990 வரை ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் இல்லங்கள் இப்பாடத்தைப் பெற்றன.

ஈண்டு நாம் கருதவேண்டுவது ஊதிய முறை. எத்தனை வீடு சென்றாய் என்று கேட்டு அவர்க்குக் கூலி கொடுக்கப்படவில்லை. சில வாரங்கள் சென்றபின் வேறொருவர் அவ்வூர்க்குச் சென்று, தாய்மார் சிலரைத் தேர்ந்து வினவுவார். கரைசலைக் கலந்து காட்டச் செய்து உப்பின் அளவைச் சோதிப்பார். உப்பு மிகுந்தால் குழந்தைக்குக் கேடன்றோ? தாயின் நினைவில் எவ்வளவு நின்றதோ, அவ்வளவிற்கேற்பவே கற்பித்தவர்க்கு ஊதியம். எழுத்தறியாத தாயே தேர்வாளராயினாள்.

அவ்வாறு அளந்ததனாலேயே மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. தாய்மார் பலர் பாடத்தை நன்கு நினைவிற் கொண்டிருந்தும், நோய் வந்தபோது அதனைக் கையாண்டவர் மிகச் சிலரே. காரணம் ஆராயப்பட்டது. கற்பித்தோருள் சிலர்க்கே அதில் உறுதியான நம்பிக்கை இல்லை. வீட்டு ஆடவர்க்கோ அதனை எவரும் விளக்கவில்லை. ஆகவே கற்பிப்போர்க்கு முதலில் தெளிவு உண்டாக்கினர். சந்தைகளிலும் பள்ளிவாசல்களிலும் ஆடவரைக் கண்டு பேசினர். அதன்பின் அதனைக் கையாள்வோர் தொகை பெருகலாயிற்று.

சேவையைக் கூலியால் அளத்தல் அதனை வணிகமாக்குவதாகும் என்பாருளர். அன்று. சென்ற வீடுகளை எண்ணிக் கூலி கொடுத்திருந்தால், கற்பிப்போர் விரைந்து நடப்பதிலேயே திறமை காட்டியிருப்பர். தாய் கற்றதை அளந்தமையால் பொறுமையைக் கற்றனர். ஏழையர்க்குத் தம் நன்மை தெரியாது என்பாரும் உளர். ஓரங்கியின் சந்துகளும் ஜோப்ராவின் முக்காலிகளும் அவர்க்கு விடை கூறும். அவர்க்குத் தெரியாதது இருப்பின், தெரியும்வரை கற்பிப்பதே கற்றவர் கடன். தெரியவில்லை என்று பழிப்பதன்று.

இனி நம் கல்லூரிகளை நோக்குவோம். சமூகசேவைச் சங்கங்களின் ஆண்டறிக்கைகளிற் சென்ற கிராமங்கள் இத்தனை, ஆற்றிய சொற்பொழிவுகள் இத்தனை, எடுத்த நிழற்படங்கள் இத்தனை என்னும் கணக்கே மலிந்து காணப்படுகின்றது. இவை நம் உழைப்பின் கணக்கு; மக்கள் பெற்ற பயனின் கணக்கல்ல. சேரிக்குச் சென்று சுகாதாரம் பேசிய மாணவர், ஒரு மாதம் கழித்து மீண்டும் அங்கே சென்று, எங்கள் சொல்லில் எது உங்களுக்குப் பயன்பட்டது, எது பயன்படவில்லை என்று கேட்பாராக. கேட்ட விடையை, அது கசப்பாயினும், அறிக்கையில் அப்படியே எழுதுவாராக. பேராசிரியர்கள் அவ்வெழுத்தையே சிறந்த வேலையெனப் பாராட்டுவாராக. அங்ஙனம் எழுதப்படும் ஓராண்டறிக்கை, புகழுரை நிரம்பிய பத்தாண்டு அறிக்கைகளினும் மேலானதாம்.