டாக்டர் நாயுடுவுக்குப் பாதிப் புகழா?

சென்ற வாரம் இராசிபுரத்தில் ஒரு கூட்டத்திற்கு நாமும் போயிருந்தோம். அவ்வூரில் 1887-இல் பிறந்த டாக்டர் பி. வரதராஜுலு நாயுடுவைப் பற்றிப் பிரசங்கியார் ஒருவர் ஒரு மணி நேரம் பொழிந்தார். 1918-இல் மதுரையில் பேசியதற்காக அவர்மீது இராஜத்துவேஷ வழக்கு வந்ததையும், சேலத்து வக்கீல் இராஜகோபாலாச்சாரியார் அவருக்காக வாதாடியதையும் சொன்னார். 'பிரபஞ்சமித்திரன்' சொன்னார், 'தமிழ்நாடு' சொன்னார். சேரன்மாதேவியை மட்டும் விழுங்கிவிட்டார்! ஏனென்று கேட்டோம். "வீட்டுச் சங்கதியைத் தெருவுக்கு இழுத்தது அவர் தவறு, அதை இப்போது கிளறுவானேன்?" என்றார்.

யார் வீட்டுச் சங்கதி, ஐயா? சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலம் தேசியக் கல்வியின் பெயரால் ஊரார் பணத்தில் நடந்தது. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு ஐயாயிரத்தைக் கொடுத்தும் விட்டது. பணம் தண்டியபோது யாராவது சாதி கேட்டார்களா? சோறு போடும்போது மட்டும் கேட்டார்கள். பார்ப்பனப் பிள்ளைகள் இருவருக்குத் தனிப் பந்தி. பெற்றோருக்குக் கொடுத்த வாக்காம்! ஐயர் பெரிய தியாகி, அதை நாம் மறுக்கவில்லை. தியாகி போட்டாலும் தனிப் பந்தி தனிப் பந்திதான்.

இதை நாயுடு 'தமிழ்நாடு' பத்திரிகையில் எழுதினார், மேடையிலும் கேட்டார். 1925-இல் அவரே அந்தக் காங்கிரஸ் கமிட்டியின் தலைவர் என்பதைக் கவனிக்க வேண்டும். வாயை மூடியிருந்தால் நாற்காலிக்கும் சுகம், நண்பர்களுக்கும் சுகம். தேசிய ஸ்தாபனங்களில் பிறப்பால் பேதம் பாராட்டக்கூடாதென்று எஸ். இராமநாதன் கொண்டுவந்த தீர்மானம் அவ்வருஷமே கமிட்டியில் நிறைவேறிற்று. உடனே கமிட்டியை விட்டு விலகியோரில் அவருக்காக மதுரையில் வாதாடிய அதே இராஜகோபாலாச்சாரியாரும் ஒருவர். சர்க்காரை எதிர்த்தபோது கிடைத்த வக்கீல், சாதியை எதிர்த்தபோது கிடைக்கவில்லை!

நாயுடு குறையற்றவரென்று நாம் சொல்ல வரவில்லை. 1932-இல் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' தொடங்கியவர், பிற்காலத்தில் இந்து மகாசபையில் போய்ச் சேர்ந்தார். தனிப் பந்தியை எதிர்த்த கைக்கு அங்கே என்ன வேலையென்று 1957-இல் அவர் மறைந்து இத்தனை காலம் கழித்தும் நமக்கு விளங்கவில்லை. அதையும் மேடையில் சொல்லட்டுமே! இரண்டையும் மறைத்துவிட்டு ஜெயிலை மட்டும் காட்டினால், அது நாயுடு படமல்ல, பிரசங்கியார் வரைந்துகொண்ட படம்.

அடுத்த மாதம் நாமக்கல்லிலும் இவரே பேசப்போகிறாராம். முன்வரிசையில் நமக்கு ஓரிடம் வைக்கச் சொல்லியிருக்கிறோம்.