தரை இறங்குவதை யார் பார்ப்பது?

"மேலே இத்தனை துணைக்கோள் சுற்றுகிறதே, முன்கூட்டியே சொல்லக்கூடாதா?"

2024 ஆகஸ்ட் 23க்குப் பிறகு சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி இது. அன்று காலை கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை திடீரென்று உள்வாங்கியது. இந்தியாவிலிருந்து சுற்றுலா வந்திருந்த ஒரு பெண் 8 மீட்டர் ஆழக் குழிக்குள் விழுந்தார். 9 நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. தீபாவளிக்குச் சேலை எடுக்க நாம் நடக்கிற தெரு அது. அதனால் கேள்வியில் ஆர்வத்தைவிடப் பயமே அதிகம் இருந்தது. 2025 ஜூலை 26 அன்று சிங்கப்பூரின் தஞ்சோங் காத்தோங் சௌத் சாலையில் ஒரு கார் குழிக்குள் சரிந்தது. பக்கத்துக் கட்டுமானத் தளத்தின் வெளிநாட்டு ஊழியர்கள் கயிறு போட்டு ஓட்டுநரை மேலே இழுத்தார்கள். அதே கேள்வி மறுபடியும் வந்தது.

ரேடார் துணைக்கோள்கள் எடுத்த படங்களை ஒப்பிட்டு, தரை எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று கணக்கிடுவது என் வேலை. நான் சொல்லும் பதில் இதுதான்: அப்படிப்பட்ட குழிகளை இந்த முறையை நம்பி முன்கூட்டியே சொல்ல முடியாது. ஆனால் அவற்றைவிடப் பெரிய, மெதுவான ஆபத்துகளைச் சொல்ல முடியும். இரண்டும் ஏன் வேறு என்று புரிந்தால், பயப்பட வேண்டியது எது, கேட்டு வாங்க வேண்டியது எது என்பதும் புரியும்.

ஐரோப்பாவின் சென்டினல்-1 துணைக்கோளை எடுத்துக்கொள்வோம். சுமார் 693 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அது ரேடார் அலையைக் கீழே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் பதிவு செய்கிறது. மேகமோ இரவோ அதற்குத் தடையில்லை. 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பி, அதே இடத்தை மறுபடி பார்க்கிறது.

அலையின் நீளம் ஏறத்தாழ 5.6 சென்டிமீட்டர். திரும்பி வந்த அலை மேடும் பள்ளமுமான தன் சுற்றில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதும் பதிவாகிறது. மணி முள் இல்லாமல் நிமிட முள் மட்டும் உள்ள கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மணி என்னவென்று தெரியாது. ஆனால் நிமிடம் துல்லியமாகத் தெரியும். அடுத்த முறை வரும்போது முள் சற்று நகர்ந்திருந்தால், தரைக்கும் துணைக்கோளுக்கும் இடையிலான தூரம் மாறியிருக்கிறது. அலை போய்த் திரும்புவதால், தரை 2.8 சென்டிமீட்டர் விலகினால் முள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிடும்.

1992 ஜூன் 28 அன்று கலிபோர்னியாவின் லேண்டர்ஸ் பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் எடுத்த ரேடார் படங்களைப் பிரெஞ்சு விஞ்ஞானிகள் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தார்கள். தரை நகர்ந்த விதம் வண்ண வளையங்களாகத் தெரிந்தது. 1993இல் வெளிவந்த அந்தப் படம்தான் இந்தத் துறையை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது.

கழித்தல் என்று சொன்னாலும் வேலை அதோடு முடிவதில்லை. முதலில் இரண்டு படங்களையும் இம்மி பிசகாமல் பொருத்த வேண்டும். துணைக்கோள் இந்த முறை சற்றுத் தள்ளிப் பறந்ததால் வந்த வேறுபாட்டையும், மலை மேடுகளால் வந்த வேறுபாட்டையும் நீக்க வேண்டும். பிறகு, முள் எத்தனை முழுச் சுற்றுச் சுற்றியது என்பதை அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்கிட வேண்டும்.

அதற்குப் பிறகும் நம் ஊரில் ஒரு தொல்லை மிச்சமிருக்கும். அது காற்றிலுள்ள ஈரம். மழை மேகம் கவிந்த நாளில் அலை சற்றுத் தாமதமாகத் திரும்பும். தரை அசையாமலே சில சென்டிமீட்டர் இறங்கியதுபோல் காட்டிவிடும். அதனால் இரண்டு படத்தை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. பல ஆண்டுகளின் படங்களை அடுக்கிப் பார்த்தால் ஈரம் வந்து வந்து போகும். தரையின் இறக்கம் மட்டும் ஒரே திசையில் தொடரும். அப்போதுதான் ஆண்டுக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று நம்பிச் சொல்லலாம்.

செம்பனைத் தோட்டமும் காடும் இன்னொரு சிக்கல். இலைகள் அசைந்துகொண்டே இருப்பதால் 12 நாளில் எதிரொலியே மாறிவிடும். ஒப்பிட எதுவும் மிஞ்சாது. 2022 டிசம்பர் 16 அன்று பத்தாங் காலி நிலச்சரிவில் 31 பேர் இறந்தார்கள். அதுபோன்ற பசுமையான சரிவுகளில்தான் இந்த அலையின் கண் மங்குகிறது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் துணைக்கோள்மீது என்னைப் போன்றவர்கள் ஆவலாக இருப்பது இதனால்தான். நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த அதன் ஓர் அலை சுமார் 24 சென்டிமீட்டர் நீளம். இலைகளை ஊடுருவித் தரையை எட்ட அதற்கு வாய்ப்பு அதிகம்.

இனி, அந்தக் குழிகளுக்கு வருவோம். சென்டினல் படத்தின் ஒரு புள்ளி தரையில் ஏறத்தாழ 5 மீட்டருக்கு 20 மீட்டர். நடைபாதைக் குழி அதற்குள் அடங்கிப்போகும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இத்தகைய குழிகளில் மண் பெரும்பாலும் அடியில்தான் முதலில் கரைந்து போகிறது. மேலே சிமெண்டுத் தளம் கடைசி நிமிடம்வரை அசையாமல் நிற்கலாம். ரேடார் பார்ப்பது மேற்பரப்பை மட்டுமே. அசையாத ஒன்றை அசைந்தது என்று அது எப்படிச் சொல்லும்? அங்கே வேண்டியது நிலத்தடிச் சோதனையும், கசியும் குழாய்களைத் தேடும் பராமரிப்பும்.

மெதுவாக இறங்கும் நிலத்துக்கு ஜகார்த்தாவைவிட நல்ல உதாரணம் இல்லை. வீடுகளும் கட்டடங்களும் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச, அடியிலுள்ள களிமண் நீரை இழந்து நசுங்குகிறது. வட ஜகார்த்தாவின் சில பகுதிகள் ஆண்டுக்குப் பல சென்டிமீட்டர் இறங்கியிருக்கின்றன. உலகக் கடல்மட்டம் உயர்வதோ ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான். அங்கே கடல் ஏறியதைவிடத் தரை இறங்கியதே அதிகம். 2019இல் தலைநகரைக் கலிமந்தானுக்கு மாற்ற இந்தோனேசியா முடிவெடுத்த காரணங்களில் இதுவும் ஒன்று. சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உலகின் 48 கடலோர நகரங்களை இதே ரேடார் முறையில் அளந்து 2022இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வேகமாக இறங்கும் நகரங்கள் பல நம் ஆசியாவில்தான் இருந்தன.

இதில் ஆறுதலும் உண்டு. தோக்கியோவும் ஒரு காலத்தில் இப்படித்தான் இறங்கியது. நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்திய பிறகு, 1970களிலிருந்து அந்த வேகம் வெகுவாகத் தணிந்தது. இறங்கிய பகுதி பழைய மட்டத்துக்குத் திரும்பவில்லை. ஆனால் மேலும் இறங்குவது குறைந்தது. மெதுவான ஆபத்தில் இந்த ஒரு நன்மை இருக்கிறது: கண்டுகொண்டால், திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும்.

உங்கள் வீட்டுக்கே வருகிறேன். பழைய ஈயக் குட்டையை நிரப்பி எழுப்பிய தாமான்களில் ஒரு காட்சியைப் பார்த்திருப்பீர்கள். வரிசை வீடு அப்படியே நிற்கும். கார் நிறுத்தும் இடத்தின் தரை மட்டும் இறங்கி, வாசற்படிக்குக் கீழே ஒரு இடைவெளி தெரியும். வீடு ஆழத்தில் இறக்கிய தூண்கள்மேல் நிற்கிறது. முன்தளம் நிரப்பிய மண்மேல் கிடக்கிறது. ரேடாருக்குப் பலமான எதிரொலி தருவது கூரையும் சுவரும். அதனால் வரைபடத்தில் அந்தத் தாமான் அசையாத பச்சைப் புள்ளிகளாகவே தெரியக்கூடும். நேரில் போய்ப் பார்க்காமல் பச்சை நிறத்தை மட்டும் நம்பக்கூடாது என்று நான் புதிதாகச் சேர்பவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். உங்கள் வாசலில் அந்த இடைவெளி ஆண்டுக்காண்டு வளர்கிறதா என்று ஒரு அளவுகோலால் அளந்து, தேதி போட்டு எழுதி வையுங்கள். பொறியாளர் வரும்போது அந்தக் குறிப்பு அவருக்குப் பெரிய உதவி.

கணினியில் கைதேர்ந்த இளையர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சென்டினல்-1 படங்கள் யாருக்கும் இலவசம். அவற்றை அலசும் 'ஸ்னாப்' மென்பொருளும் இலவசம். கொஞ்சம் பைத்தானும் நிறையப் பொறுமையும் இருந்தால் சில மாதங்களில் கற்றுக்கொள்ளலாம்.

"துணைக்கோள் ஏன் சொல்லவில்லை?" என்பதைவிட, "துணைக்கோள் சொல்வதை யார் பார்க்கிறார்கள்? பார்த்தவர் யாரிடம் சொல்கிறார்? கேட்டவர் என்ன செய்கிறார்?" என்று நாம் கேட்க வேண்டும். படம் 12 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. அதைத் திறந்து பார்க்கும் வேலை ஊராட்சி மன்றத்தில் யாருடைய பொறுப்பு என்று அடுத்த முறை குடியிருப்பாளர் கூட்டம் நடக்கும்போது கேட்டுப் பாருங்கள்.