யாருக்கு எந்தக் கணக்கு?

பத்தாவது வகுப்புப் பரீட்சை முடிவு வெளியானவுடன் தமிழ்நாட்டில் அநேக வீடுகளில் ஒரு கேள்வி எழும்புகின்றது. பதினோராவது வகுப்பில் பிள்ளைக்குக் கணிதமா, அல்லது வணிகக் கணிதமா என்பதுதான் அந்தக் கேள்வி. இக்கேள்விக்கு விடை சொல்ல வருகின்றவர்கள் யார் என்று பார்த்தால் வேடிக்கையாயிருக்கும். ஜோசியர் ஜாதகத்தை விரித்து, "புதனுக்குப் பலமில்லை, கணக்கு ஏறாது" என்கின்றார். பாட்டி, "பெண்பிள்ளைக்கு எதற்கடா அவ்வளவு கணக்கு?" என்கின்றாள். உபாத்தியாயர், தகப்பன் இன்ன தொழில் செய்கின்றவன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "உன் பையனுக்கு இது போதும்" என்கின்றார். படிக்கப்போகிற பிள்ளையை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

சென்ற வாரம் எங்கள் தெருவில் சலவைத்தொழில் செய்யும் தோழர் ஒருவர் என்னிடம் வந்து, "அண்ணே, பையனுக்குக் கணக்கில் அறுபத்தெட்டு மார்க்கு. கணிதம் வேண்டாம், வணிகக் கணிதம் எடுக்கச் சொல்லு என்கிறார் வாத்தியார். பையனோ எஞ்சினீயர் ஆகணும் என்கிறான். இரண்டும் கணக்குத்தானே, எதை எடுத்தால் என்ன?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே இங்கும் எழுதுகின்றேன்.

இரண்டும் கணக்குத்தான். ஆனால் இரண்டும் ஒரே கதவைத் திறப்பதில்லை. தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிச் சேர்க்கைக்கு 200 மார்க்குக்குத் தரவரிசை போடுகின்றார்கள். அதில் கணிதத்திற்கு 100, பௌதிகத்திற்கு 50, ரசாயனத்திற்கு 50. வணிகக் கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கினவனுக்கும் அந்த 100க்குரிய இடத்தில் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. மத்திய பாடத்திட்டத்திலும் இதே கதைதான். 2020ஆம் வருஷப் பத்தாவது வகுப்புப் பரீட்சை முதல் கணிதத்தை உயர்நிலை என்றும் அடிப்படை என்றும் இரண்டாகப் பிரித்தார்கள். பாடம் ஒன்று, வகுப்பும் ஒன்று. பரீட்சைக் கேள்வியின் கடினம் மட்டும் வேறு. அடிப்படையை எடுத்தவன் பதினோராவதில் கணிதம் எடுக்கக் கூடாது என்று முதலில் விதி செய்து, பிறகுதான் அதைத் தளர்த்தினார்கள். அதே 2020இல் மேல்வகுப்புகளுக்குப் பயன்முறைக் கணிதம் என்று தனிப்பாடமும் வந்தது. பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடும்பொழுது, எந்தக் கதவு சாத்தப்படுகின்றது என்பதை அதற்கு முன் எடுத்துச் சொல்லுகின்றவர்கள் எத்தனை பேர்?

இதனால் வணிகக் கணிதம் மட்டமானது என்று நாம் சொல்லுவதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். அப்படி நினைப்பது, கையால் செய்யும் வேலை இழிவு, வாயால் சொல்லும் மந்திரம் உயர்வு என்கின்ற பழைய பித்தலாட்டத்தின் மிச்சமேயாகும். ஒரு உதாரணம் சொல்லுகின்றேன். ஒருவன் 12,000 ரூபாய் கடன் வாங்குகின்றான். வருஷத்திற்கு 12 சதவிகிதம் வட்டி, பன்னிரண்டு மாதத் தவணை என்கின்றார்கள். வட்டி 1,440; ஆகவே மாதம் 1,120 ரூபாய் கட்டுகின்றான். ஆனால் அவன் மாதாமாதம் அசலையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகின்றான் அல்லவா? வருஷம் முழுதும் 12,000 ரூபாயா அவன் கையில் இருந்தது? குறைந்துகொண்டே வந்த பாக்கிக்குக் கணக்குப் பார்த்தால், அவன் கொடுத்த வட்டி வருஷத்திற்கு 21 சதவிகிதத்திற்கு மேல் ஆகின்றது. இந்த மோசத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுப்பது வணிகக் கணிதம். இது ஏழைக்குக் கவசம். கணிதத்தில் நூறு மார்க்கு வாங்கிய எத்தனையோ பேர் இந்தத் தவணைச் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவதை நான் பார்த்திருக்கின்றேன்.

அப்படியானால் உபயோகமான கணக்கே போதுமே, ஏட்டுக் கணக்கும் நிரூபணமும் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். இதற்கு என் சொந்த அனுபவத்தையே பதிலாகச் சொல்லுகின்றேன். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இருபது வயதில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்தேன். ஒரு பக்கம் பருத்தும் மறுபக்கம் சிறுத்தும் சரிவாகக் கடைவதற்குக் கருவியை எத்தனை பாகை திருப்ப வேண்டும் என்பதற்கு மேஸ்திரி ஒரு சூத்திரம் சொல்லிக் கொடுத்திருந்தார். பெரிய விட்டத்தில் சிறிய விட்டத்தைக் கழி, நீளத்தால் வகு, 28.65ஆல் பெருக்கு, அவ்வளவுதான். 40 மில்லிமீட்டரிலிருந்து 36க்கு, நீளம் 40 என்றால் 2.87 பாகை வரும். சரியாகவே அமையும். மூன்று வருஷம் அந்தச் சூத்திரத்தை நான் வேதவாக்காக நம்பினேன். ஒரு நாள் 80 மில்லிமீட்டரிலிருந்து 20க்கு, நீளம் 30 என்று ஒரு வேலை வந்தது. சூத்திரப்படி 57.3 பாகை திருப்பிக் கடைந்தேன். இரும்பு பாழாய்ப்போயிற்று. அதன் விலையை என் கூலியில் பிடித்துக்கொண்டார்கள். மேஸ்திரியைக் கேட்டேன். "சூத்திரம் சரிதான், உன் கைதான் தப்பு" என்றார்.

பிறகு பழைய புத்தகக் கடையில் ஒரு திரிகோண கணிதப் புத்தகம் வாங்கி, ஆறு மாதம் ராத்திரியில் உட்கார்ந்து படித்த பிறகுதான் உண்மை விளங்கியது. சரியான கோணம் 45 பாகை. மேஸ்திரியின் சூத்திரம் சிறு கோணங்களுக்கு மட்டுமே ஏறக்குறையப் பொருந்தும். 28.65 என்பது 180ஐப் பையால் வகுத்து வருவதில் பாதி. கோணம் சிறியதாயிருக்கும்பொழுது அதன் அளவும் அதன் 'டேன்' மதிப்பும் ஏறக்குறைய ஒன்றாயிருப்பதால் யாரோ ஒரு புத்திசாலி குறுக்குவழி செய்து வைத்தான். அந்தக் குறுக்குவழி எங்கே முடிகின்றது என்பதைப் பின்னால் வந்தவர்கள் மறந்துவிட்டார்கள். காரணத்தை மறந்துவிட்ட சூத்திரத்திற்கும் மந்திரத்திற்கும் என்ன வித்தியாசம்? நிரூபணம் என்பது பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் அலங்காரம் அல்ல. எது வரையில் நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்று காட்டும் எல்லைக்கல் அது. அந்த எல்லைக்கல் தெரியாததால் கூலி போனது தொழிலாளியாகிய எனக்குத்தான்.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இன்று நம் பள்ளிக்கூடங்களில் அந்த நிரூபணத்தையே மந்திரமாக்கி விட்டார்கள். பரீட்சைக்கு வரும் தேற்றம் என்று அடையாளம் போட்டு, எழுத்துப் பிசகாமல் உருப்போட வைக்கின்றார்கள். ஏன் என்று கேட்ட பிள்ளைக்கு, "பரீட்சைக்கு வராது, உட்கார்" என்கின்றார்கள். அப்படிப் படித்த கணிதத்தைவிட, புரிந்து படித்த வணிகக் கணிதம் ஆயிரம் மடங்கு மேலானது.

ஆகவே எந்தக் கணக்கு உயர்ந்தது என்பதல்ல கேள்வி. யார் யாருக்கு எதைப் பங்கு போட்டுக் கொடுப்பது என்பதே கேள்வி. இதற்குக் கனடா தேசத்தின் அனுபவத்தைப் பாருங்கள். அங்கே ஒண்டாரியோ மாகாணத்தில், ஈழத்தமிழர்கள் பெருவாரியாகக் குடியேறியிருக்கும் டொராண்டோ நகரம் உள்ள மாகாணத்தில், 1999 முதல் ஒன்பதாவது வகுப்பிலேயே ஏட்டுப்பிரிவு என்றும் பயன்முறைப்பிரிவு என்றும் பிள்ளைகளைப் பிரித்தார்கள். பயன்முறைக் கணிதம் எடுத்தவன் மறுவருஷம் ஏட்டுக் கணிதத்திற்கு மாறவேண்டுமானால் இடையில் தனியாக ஒரு படிப்பு படித்தாக வேண்டும். அவரவர் விருப்பப்படிதான் பிரிவு என்றார்கள். யார்க் சர்வகலாசாலைப் பேராசிரியர் கார்ல் ஜேம்ஸ் 2017இல் வெளியிட்ட அறிக்கை என்ன சொல்லிற்று? டொராண்டோ பள்ளிக்கூடங்களில் வெள்ளைக்காரப் பிள்ளைகளில் 81 சதவிகிதம் ஏட்டுப்பிரிவில். கறுப்பினப் பிள்ளைகளில் 53 சதவிகிதமே. பயன்முறைப்பிரிவில் வெள்ளையர் 16, கறுப்பர் 39. விருப்பம் என்பது தோலின் நிறத்தைப் பார்த்தா உண்டாகும்? கடைசியில் 2021 செப்டம்பரில் ஒன்பதாவது வகுப்புக் கணிதத்தில் அந்தப் பிரிவினையை எடுத்துவிட்டு எல்லோருக்கும் ஒரே பாடம் வைத்தார்கள்.

நமக்கும் இது புதிதல்ல. 1953இல் சென்னை ராஜ்யத்தில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் பெற்றோர் தொழில் என்று ஒரு திட்டம் வந்தது. ஜனங்கள் எதிர்த்ததால் 1954இல் கைவிடப்பட்டது. திட்டமாக வந்ததை விரட்டினோம். அதுவே, "உன் பையனுக்கு இது போதும்" என்கின்ற யோசனையாக வாத்தியார் வாயிலிருந்து வந்தால் தலையை ஆட்டிக்கொண்டு வருவதா?

சலவைத்தொழில் தோழருக்கு நான் சொன்னது இதுதான்: "தம்பி, பையன் ஆசைப்படுவது பொறியியல். ஆகையால் கணிதமே எடுக்கட்டும். அறுபத்தெட்டு மார்க்கு அவன் ஒரு நாள் மூன்று மணி நேரத்தில் எழுதியதற்குக் கிடைத்தது. அது அவன் மூளையின் அளவு அல்ல. முதல் வருஷம் கஷ்டப்படுவான். கூட உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க ஆள் தேடு. கணக்கெழுதுவதிலும் வியாபாரத்திலும்தான் அவனுக்கு மனம் என்றால் வணிகக் கணிதத்தைத் தலை நிமிர்ந்து எடுக்கட்டும். இன்னும் நிச்சயமில்லை என்றால் கணிதத்தை எடுப்பதே நல்லது. கணிதம் படித்தவன் பின்னால் வணிகப் படிப்புக்கு மனுப்போட வழியுண்டு. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக வழி மிகவும் குறுகல்."

பள்ளிக்கூடங்களை நாம் கேட்பது அதிகமில்லை. பிரிவைத் தேர்ந்தெடுக்கும் முன் எந்தப் பிரிவு எந்தப் படிப்புக்கு உதவும், எதற்கு உதவாது என்பதை எழுதி, பெற்றோருக்குத் தமிழில் படித்துக் காட்டுங்கள். தப்பாக எடுத்துவிட்ட பிள்ளை மாறிக்கொள்ள ஒரு கோடைகால வகுப்பாவது வையுங்கள். தகப்பன் தொழிலைக் கேட்காதீர்கள்.

பெற்றோர்களே, ஜாதகத்தை மூடிவையுங்கள். பிள்ளையைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்து, "உனக்கு என்ன ஆசை, ஏன்?" என்று கேளுங்கள். அந்த 'ஏன்' என்ற கேள்விக்குக் காரணம் சொல்லப் பழகுகின்ற பிள்ளை எந்தக் கணக்கை எடுத்தாலும் ஏமாறாது.