ஈரலுக்கு எண்ணெய் வேண்டாம், கச்சானுக்கு வெயில் வேணும்

"கராம்பு எண்ணெய் ரெண்டு சொட்டு தண்ணியில விட்டுக் குடியுங்க, ஈரல்ல கிடக்கிற நஞ்செல்லாம் கழுவுப்பட்டுப் போயிரும்." இப்படியான வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் சுத்துவதை நாங்கள் எல்லாரும் பார்த்திருப்போம். கறுவா எண்ணெய்க்கும் இதே கதைதான். "ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது" என்ற வரியும் கூடவே வரும். ஆராய்ச்சி நடந்தது உண்மை. அது சொன்னது வேற.

நஞ்சு என்று பொதுவாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது. எங்கட ஊரில் இருந்தே ஒன்றை எடுப்போம். வாகரைப் பக்கம் கச்சான் செய்கிறார்கள். மாமாங்கத்திலும் கொக்கட்டிச்சோலையிலும் கச்சான் கடை இல்லாத திருவிழாவே இல்லை. காய் முற்றுகிற நேரம் வறட்சி வந்தாலோ, பிடுங்கின காய் ஈரத்தோடு சாக்குக்குள் கிடந்தாலோ ஒரு பூஞ்சணம் பிடிக்கும். பாடப்புத்தகத்தில் படிச்ச பங்கசுதான். பெயர் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ். அது உண்டாக்குகிற நஞ்சுக்குப் பெயர் அஃப்லாடொக்சின்.

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. தேடிப் பார்த்தால் தீனியில் கலந்த கச்சான் பிண்ணாக்கு. அப்படித்தான் இந்த நஞ்சு தெரியவந்தது. 2004இல் கென்யாவில் பூஞ்சணம் பிடித்த சோளத்தைச் சாப்பிட்டு 125 பேர் இறந்தார்கள். 2021இல் இலங்கைக்கு வந்த தேங்காயெண்ணெயில் இது இருக்கிறது என்று தெரிந்து நாடே பதறியது.

ஈரலின் நொதியங்கள் இந்த நஞ்சை உடைக்கப் போய், அதைவிட மோசமான ஒன்றாக மாற்றிவிடுகின்றன. அது கலத்தின் டி.என்.ஏயில் போய் ஒட்டிக்கொள்ளும். குளுத்தாதயோன் என்ற பொருள் அதைப் பிடித்து வெளியேற்றப் பார்க்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நஞ்சு சேர்ந்தால், வருசக்கணக்கில் அது ஈரல் புற்றுநோய் வரை போகலாம்.

இனி எண்ணெய்க்கு வருவோம். ஆய்வுகூடத்தில் எலிகளுக்கு நஞ்சையும் கொடுத்து, சில தாவர எண்ணெய்களையும் அளந்து கொடுத்தபோது ஈரல் பாதிப்புக் குறைந்தது. ஓம், அது நல்ல செய்திதான். ஆனால் எலிக்கு அளந்து கொடுத்ததை வைத்து, மனிசருக்கு எத்தனை சொட்டு என்று யாரும் சொல்ல முடியாது. இன்னொன்றையும் அந்த வீடியோக்கள் சொல்லாது. கராம்பு எண்ணெயில் பெரும்பங்கு யூஜினோல். அது அளவு மிஞ்சினால் அதே குளுத்தாதயோனைத் தீர்த்துவிடும். 5 முதல் 10 மில்லிலீற்றர் கராம்பு எண்ணெயை விழுங்கின சின்னப் பிள்ளைகள் ஈரல் பழுதாகி ஆபத்தான நிலைக்குப் போனது மருத்துவப் பதிவுகளில் இருக்கிறது. காவலுக்கு வைத்தவனே வீட்டை உடைக்கிற கதை.

இந்த எண்ணெய்களுக்குப் பொருத்தமான இடம் களஞ்சியம் என்றே நாங்கள் நினைக்கிறோம். கராம்பு, கறுவா எண்ணெய்களின் ஆவி அந்தப் பங்கசு வளர்வதைத் தடுக்கும். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆய்வாளர்கள் பல வருடமாக இதில் வேலை செய்கிறார்கள். சிக்கலும் உண்டு: எண்ணெய் ஆவியாகிப் போய்விடும், மணம் பருப்பில் ஏறிவிடும், ஏற்கெனவே ஊறின நஞ்சை அது எடுத்துவிடும் என்று நம்பியிருக்கவும் ஏலாது. வறுத்தாலும் அந்த நஞ்சு முழுசாகப் போகாது.

அதனால்தான் சொல்கிறோம், முதல் மருந்து வெயில். பிடுங்கின கையோடு நல்லாக் காய வைக்கணும். நிலத்தில் ஈரம் ஏறாமல் படங்கு விரிக்கணும். சுருங்கினது, நிறம் மாறினது, பூஞ்சணம் பிடிச்சது எல்லாத்தையும் பொறுக்கி எறியணும். நஞ்சில் பெரும்பகுதி அந்தக் கொஞ்சப் பருப்பில்தான் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் சாப்பிடுகிற கச்சானுக்கு ஒரு கிலோவில் 4 மைக்ரோகிராமுக்கு மேல் விடுவதில்லை. அவ்வளவு சின்ன அளவைக் கண்ணால் பிடிக்க முடியாது. பரிசோதனை வேணும்.

இதை வாசிச்சிட்டு யாரும் கச்சான் வாங்குவதை நிப்பாட்ட வேண்டாம். வெயிலில் குந்தியிருந்து வறுத்து விற்கிற அம்மாக்களின் பிழைப்பு அது. பொறுக்கி எறிகிற ஒவ்வொரு சுண்டும் அவர்களுக்கு நட்டம். அந்த நட்டத்தை அவர்கள் தலையில் மட்டும் கட்டிவிட்டு "சுத்தமா வில்லுங்க" என்று புத்தி சொல்வது நியாயமில்லை. படங்கும் ஈரப்பதன் அளக்கிற கருவியும் ஊர்ச் சங்கங்களில் பொதுவில் கிடைக்கணும். நல்லாப் பொறுக்கின கச்சானுக்குப் பத்து ரூபா கூடக் குடுக்க நாங்களும் பழகணும்.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து வாகரைக் கச்சான் சாக்கில் கறுவா எண்ணெயைச் சோதித்துப் பார்க்கட்டும். முடிவு வந்தால் முதலில் கச்சான் செய்கிறவர்களுக்குத் தமிழில் சொல்லட்டும். அதுவரைக்கும் கராம்பு எண்ணெய்ப் போத்தலைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத தட்டில் வையுங்க.