அப்பா கொரியாவுக்குப் போனாரா?

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலைக்கு 1996ல் அடிக்கல் நாட்டினார்கள். 1998ல் சான்ட்ரோ சாலைக்கு வந்தது. அதன் பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கமெல்லாம் கொரியர்கள் வந்தார்கள், கொரியச் சாப்பாட்டுக் கடைகள் வந்தன, ஹங்குல் எழுத்தில் பெயர்ப்பலகைகள் வந்தன. கூடவே ஒரு கதையும் சூடு பிடித்தது. கொரியாவிலும் 'அப்பா' என்றால் அப்பா, 'ஒம்மா' என்றால் அம்மா, 'நா' என்றால் நான், 'நீ' என்றால் நீ. ஆகவே கொரிய மொழிக்குத் தாய் தமிழ்! முதலில் மின்னஞ்சலில் சுற்றியது, இப்போது வாட்ஸப்பில் சுற்றுகிறது. மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம்.

கைதட்டுவதற்கு முன்னால் மங்களூர் வரை போய் வரலாம். துளு, தமிழுக்கு நெருங்கிய உறவு மொழி. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்தத் துளுவில் 'அப்பெ' என்றால் அம்மா. 'அம்மெ' என்றால் அப்பா! கன்னடத்தில் 'அப்ப' அப்பாதான். தெலுங்கு அகராதியைப் புரட்டினால் 'அப்ப' என்பதற்கு அக்கா என்ற பொருளும் கிடைக்கும். ஒரே குடும்பத்துக்குள்ளேயே இப்படி ஆள் மாறி நிற்கும் சொல், கடல் தாண்டி சியோலில் மட்டும் மாறாமல் இருந்தால் அதை உறவுக்குச் சான்று என்று எப்படிச் சொல்வது?

இந்தச் சொற்களை மொழிகள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்க வேண்டியதே இல்லை. பல் முளைக்காத குழந்தைக்கு முதலில் வசப்படுவது உதட்டை மூடித் திறக்கும் ஒலிகள்: ம, ப, ப்ப. அது எதையோ உளறுகிறது, பெற்றவர்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள் (பெற்ற மனம்!). ரோமன் யாகப்சன் 1960லேயே இதை விளக்கிக் கட்டுரை எழுதிவிட்டார். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா, 'தேதா' என்றால் அம்மா. செல்திக் மொழிகளில் ஐரிஷ்காரர் அப்பாவைப் பழைய பரம்பரைச் சொல்லான 'அஹர்' என்கிறார். பக்கத்து வீட்டு வேல்ஸ்காரர் அந்தச் சொல்லைக் கைவிட்டுத் தொட்டில் சொல்லான 'தாத்' என்கிறார். ஒரு குடும்பத்து மொழிகளில்கூட உறவைக் கெடுத்துக் காட்டும் சொற்கள் இவை. அதனால்தான் மொழிக்குடும்பம் தேடும்போது இவற்றை முதலிலேயே ஒதுக்கி வைக்கிறார்கள்.

சரி, 'நா'வும் 'நீ'யும்? தொல்காப்பியத்தில் 'நான்' இல்லை, 'யான்'தான் உண்டு. சங்கப் பாடல்களிலும் பெரும்பாலும் 'யான்'தான். 'நான்' பின்னால் வந்தது. ஈராயிரம் ஆண்டுக்கு முன்னால் தமிழன் கப்பலேறிக் கொரியாவுக்குச் சொல் கொடுத்தான் என்றால், 'யான்' என்பதை அல்லவா கொடுத்திருக்க வேண்டும்? 'நீ'யைப் பொறுத்தவரை, சீனத்திலும் 'நீ' என்றால் நீதான். சீனத்துக்கும் தாய் தமிழ்தான் என்று சொல்ல ஆள் இருப்பார்கள், அது வேறு விஷயம்.

உண்மையான உறவு இப்படி நாலு சொல்லில் நிற்காது, வரிசையாக வரும். தமிழில் பகரத்தில் தொடங்கும் சொல், கன்னடத்தில் ஹகரத்தில் தொடங்கும். பால் - ஹாலு, பல் - ஹல்லு, புலி - ஹுலி, பூ - ஹூ, பள்ளி - ஹள்ளி. ஒன்றைச் சொன்னால் அடுத்ததை ஊகித்துவிடலாம். கொரியத்துக்கு இப்படி ஒரு வரிசையை யாராவது காட்டட்டும். கண்ணுக்கு அங்கே 'நுன்', கைக்கு 'சொன்', தண்ணீருக்கு 'முல்', ஒன்று இரண்டு மூன்றுக்கு 'ஹனா, துல், செத்'. எங்கே தமிழ்?

1905ல் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுப் புத்தகமே எழுதினார் என்பார்கள். எழுதினார், உண்மைதான். அவர் கண்ட இலக்கண ஒற்றுமை, அதாவது வினை கடைசியில் வருவது, ஒட்டுகள் பின்னால் சேர்வது எல்லாம் துருக்கியிலும் உண்டு, மங்கோலியத்திலும் உண்டு. கி.பி. 48ல் 'அயுதா' நாட்டிலிருந்து போன இளவரசி கதையோ, 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'சம்குக் யூசா'வில் இருப்பது. இடையில் ஆயிரத்து இருநூறு வருடம்! அயோத்திக்காரர்களும் அவளைத் தங்கள் ஊர்ப்பெண் என்கிறார்கள்.

போகட்டும், பெருமை பேசினால் யாருக்கு நஷ்டம் என்று கேட்கலாம். சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. முக்கியக் கோரிக்கை, சங்கத்தை அங்கீகரிப்பது. சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் வரக்கூடாது என்று நிறுவனம் ஆட்சேபித்தது. பதிவு 2025 ஜனவரியில்தான் கிடைத்தது. (அந்தச் சொல்லே சீன வழி வந்தது. 'மூன்று நட்சத்திரம்' என்று பொருள். ஹூண்டாய் என்றால் 'நவீனம்', அதுவும் சீனம்தான்.) அப்பா, அம்மா என்று உறவு கொண்டாடிய வாய்களில் எத்தனை, இந்த ஒரு சொல்லுக்கு நடந்த வழக்கைப் பற்றிப் பேசின?

இன்னொரு உறவும் ஒரகடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் நடமாடுகிறது. ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஒப்பந்த வேலைக்கு வந்து தகரக் கொட்டகைகளில் தங்குகிறவர்களை எல்லோரும் 'இந்திக்காரன்' என்று முடித்துவிடுகிறார்கள். அந்த இரண்டு மாநிலங்களிலும்தான் குடுக் பேசும் ஒராவோன் மக்கள் பெரும் எண்ணிக்கையில் இருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் குடுக் பேசுவோர் சுமார் 20 லட்சம். குடுக் திராவிட மொழி. நான் என்பதற்கு 'ஏன்', நீ என்பதற்கு 'நீன்', பல்லுக்குப் 'பல்', மூன்றுக்கு 'மூந்த்'. கண்ணுக்கு 'ஃகன்', கைக்கு 'ஃகெக்கா'. தமிழின் ககரம் அங்கே தொண்டையில் உரசுகிறது. வரிசை கிடைத்துவிட்டதல்லவா? மேலாளர் அறையில் சொந்தம் தேடுகிறவர்கள், அந்தக் கொட்டகை வாசலில் நின்று 'கண்ணுக்கு உங்க ஊர்ல என்ன சொல்வீங்க?' என்று ஒரு தரமாவது கேட்டுப் பார்க்கட்டும்.