நாக்கைக் கேட்காத பீர்

மலிவான பீர்னா மட்டமாத்தான் இருக்கும், கிராமத்தான் அதைத்தான் குடிப்பான், அவனுக்கு ருசி எதுக்கு? இந்த முடிவோடதான் சென்னையிலிருந்து வர்ற நண்பர்கள் எங்க ஊர்ல வண்டியை விட்டு இறங்குறாங்க. பெங்களூர்ல, கடைக்குள்ளேயே தொட்டி வெச்சுக் காய்ச்சுற இடத்துல உக்காந்து ‘ஆம்பர் ஏல்’, ‘ஸ்டவுட்’னு தரம் பிரிச்சுப் பேசுறவங்க, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிஞ்சு வர்ற ஒடிசா பையன் கையில இருக்குற பாட்டிலைப் பாத்தா மூஞ்சியைச் சுளிக்கிறாங்க. குத்தம் அந்தப் பையனோட நாக்குல இல்ல. விலையிலயும் இல்ல. அந்த பாட்டிலை அவன் கைக்குக் கொண்டுவந்து சேர்த்த ஏற்பாட்டுல இருக்கு.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். குடி நல்லதுன்னு எழுத நான் வரல. குடியால தாலி இழந்த வீடு எங்க தெருவுலயே உண்டு. எந்தக் கடையும் வேண்டாம்னு சொல்ற பொம்பளைங்ககிட்ட எனக்கு ஒரு வாதமும் கிடையாது, அவங்க பட்டுச் சொல்றாங்க. ஆயிரக்கணக்குல கடையைத் திறந்து வெச்சுக்கிட்டு, அதுல எதை விக்கலாம், எதை விக்கக் கூடாதுன்னு நமக்குப் பாடம் நடத்துறவங்ககிட்டதான் என் வாதம்.

மலிவுக்கும் மட்டத்துக்கும் சம்பந்தம் இல்லைன்னு எப்படிச் சொல்றேன்? லண்டன்ல வேலை பாக்குற என் சித்தப்பா மகன் போன வருஷம் வந்தப்ப ரெண்டு பாட்டில் ஆம்பர் ஏல் கொண்டாந்தான். பெரிய கம்பெனிச் சரக்கு இல்ல. அங்க இருக்குற ஒரு சூப்பர் மார்க்கெட், பருப்பு, சோப்புக்குப் போடுற மாதிரி தன் கடைப் பேரையே போட்டு விக்கிறது. அந்த அலமாரியிலயே விலை குறைஞ்ச பாட்டில்ல அதுவும் ஒண்ணாம். லேபிள்ல என்னென்ன போட்டிருக்காங்க, எந்த ஆலையில காய்ச்சுனது, எந்தத் தேதிக்குள்ள குடிக்கணும் எல்லாம் இருந்துச்சு. ஐஸ் மாதிரி வேண்டாம், லேசான குளிர்ச்சியில குடிங்கன்னுகூட ஒரு வரி.

பம்ப் செட் ஓரத்துல உக்காந்து பக்கத்துக் கழனிக்கார அண்ணனும் நானும் ஊத்திப் பாத்தோம். நிறம் நல்ல திக்கான டீ டிகாஷன்ல தேன் கலந்தாப்பல. மோந்தா, வெல்லப் பாகு முறுகப் போற நேரத்துல வருமே, அந்த வாசம். அண்ணன் ஒரு மடக்கு குடிச்சுட்டு, “இன்னா நைனா, கேவுரு மாவு வறுத்த மாதிரி இருக்குது”ன்னார். ரொம்பச் சரி. கேழ்வரகை முளை கட்டி, காயவெச்சு, வறுத்து அரைக்கிறோம் இல்லையா, பார்லியை அதேபோல முளை கட்டிப் பக்குவமா வறுக்கிறதுதான் மால்ட். முளை விட்ட தானியத்தை ஈரத்தோடயே சூடேத்தி, உள்ள இருக்குற இனிப்பைப் பாகாக்கி வறுத்தா அந்த நிறமும் வாசமும் வரும். ஆம்பர்ங்கிற பேரே அந்த நிறத்தாலதான். முழுங்கின பின்னாடி வேப்பம்பூ ரசத்துக் கசப்பு நாக்கோட பின்பக்கம் கொஞ்ச நேரம் நின்னுச்சு. அது ஹாப்ஸ்ங்கிற பூவோட வேலை.

குறை இல்லாம இல்ல. நுரை சீக்கிரமே அடங்கிடுச்சு. நடுவுல கொஞ்சம் தண்ணியாட்டம் இருந்துச்சு, இன்னும் கொஞ்சம் மால்ட் போட்டிருக்கலாம். பத்துக்கு ஆறரை கொடுப்பேன். போதை நாலு சதவீதத்துச் சொச்சம்தான். ரெண்டு பேரும் ஒரு பாட்டிலைப் பகுந்துக்கிட்டு அரை மணி நேரம் பேசிட்டு எழுந்து மடை மாத்தப் போனோம்.

அடுத்த வாரம் அதே இடத்துல நம்ம நாட்டு மலிவு பாட்டில் ஒண்ணு. எங்க வாங்கினது, என்ன பேருங்கிறது வேண்டாம், அந்த விலையில எல்லாம் அண்ணன் தம்பிதான். அறுநூத்தம்பது மில்லி, ஸ்ட்ராங். முதல் மடக்குல அரிசி களைஞ்ச தண்ணியில சர்க்கரை போட்ட இனிப்பு. நடுவுல மழையில நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடை. முழுங்கினா தொண்டையில சூடு. கசப்புன்னு ஒண்ணு இருக்கவே இல்ல. பத்துக்கு ரெண்டரை.

அந்த அட்டை வாடைக்குக் காரணம் மலிவு இல்ல. பீர்ல காத்து பட்டு, வெக்கையில நாளாச்சுன்னா வர்ற வாடை அது. எவ்வளவு உசத்தியான பீரையும் சித்திரை மாசத்துல தகரக் கொட்டாய்க்குக் கீழ ஒரு மாசம் அடுக்கி வெச்சா அதே வாடைதான் அடிக்கும். பால்காரர் காலைப் பாலைச் சாயங்காலம் கொண்டாந்தா மூஞ்சி மேலயே ஊத்துவோம். பீருக்கு மட்டும் யாரும் தேதி பாக்குறதில்ல. கடையில கொடுக்குறதை வாங்கிட்டு, கூலிங்கா இருக்கான்னு மட்டும் கேக்குறான். பல்லு கூசுற அளவு ஜில்லுன்னு இருந்தா எந்தக் குறையும் நாக்குக்குத் தெரியாது.

எங்க பக்கத்துப் பசங்க ஒரு வேலை பண்ணுவாங்க. பாட்டிலைத் திறந்து, தண்ணி நிரப்புன டம்ளர்ல தலைகீழா கவுப்பாங்க. உள்ளேருந்து எண்ணெய் மாதிரி ஒண்ணு நெளிஞ்சு இறங்கும். “பாத்தியா ணா, கிளிசரின் எறங்குது”ன்னு காட்டுவாங்க. அது கிளிசரின் இல்ல. பீர் தண்ணியை விடக் கொஞ்சம் கனம், அதான் கீழ இறங்குது. சர்க்கரைத் தண்ணியைக் கவுத்தாலும் அப்படித்தான் நெளியும். ஆனா அந்தப் பசங்களைப் பாத்து எனக்குச் சிரிப்பு வரல. தான் காசு கொடுத்து வாங்கின பொருள்ல என்ன கலந்திருக்குன்னு அவனுக்குச் சந்தேகம். கேக்க ஆள் இல்ல. கைக்குக் கிடைச்ச டம்ளரை வெச்சு அவனே ஒரு லேப் நடத்துறான்.

ஸ்ட்ராங்குக்கு வருவோம். நம்ம நாட்டு விதிப்படி 5 சதவீதத்துக்கு மேல, 8 வரைக்கும் போனா அது ஸ்ட்ராங் பீர். இந்தியாவுல விக்கிற பீர்ல மிகப் பெரும்பங்கு இதுதான். ஏன்? பாட்டில் விலையில பெரும்பகுதி வரி. ஸ்ட்ராங்குக்கும் லைட்டுக்கும் விலையில பெரிய வித்தியாசம் இல்லாதப்போ, பன்னெண்டு மணி நேரம் உலைச் சூட்டுல நின்னவன் எதை எடுப்பான்? கொடுத்த காசுக்கு எவ்வளவு போதைன்னு கணக்குப் போடுவான். அவன் இடத்துல நீங்க இருந்தாலும் அதான் பண்ணுவீங்க. ஆலைக்காரன் அந்தக் கணக்குக்குத் தகுந்த மாதிரி அரிசி, மக்காச்சோளம், சர்க்கரைன்னு மலிவாக் கிடைக்கிறதைப் போட்டு போதையை ஏத்திக் கொடுக்குறான். மாவுப் பொருள் எதைப் போட்டாலும் சாராயம் வரும், ருசி மால்ட்ல இருந்துதான் வரணும். அதைக் கேக்கத்தான் இங்க ஆள் இல்லையே.

லண்டன் கடைக்காரன் மட்டும் என்ன தர்மப் பிரபுவா? அவன் பேர் போட்ட பாட்டில் நல்லா இல்லேன்னா ஜனம் எதிர்க்கடைக்குப் போயிடும், பருப்பும் சோப்பும் சேந்து போயிடும். அந்தப் பயம்தான் பத்துக்கு ஆறரை வாங்கிக் கொடுத்துச்சு. இங்க எதிர்க்கடை எங்க இருக்கு? 1983ல மொத்த வியாபாரத்துக்குன்னு ஆரம்பிச்ச டாஸ்மாக், 2003 கடைசியில இருந்து சில்லறை விற்பனையையும் தானே எடுத்துக்கிச்சு. 2023-24ல மது மூலமா அரசுக்கு வந்த வருமானம் 45,855 கோடி. அத்தனை கோடி கொடுக்குறவனை வாடிக்கையாளரா நடத்த வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்ல. எது வருதோ அது, எவ்வளவு வெக்கையில இருந்துச்சோ அப்படியே.

இப்ப எங்க வரப்புக்கு வாங்க.

ஏல் காய்ச்சுற ஈஸ்டும், நம்ம பனங்கள்ளுல பொங்குற முக்கியமான ஈஸ்டும் ஒரே இனம்னு சொன்னா நம்புவீங்களா? ரெண்டும் சாக்கரோமைசிஸ் செரிவிசியே. இட்லி மாவு மாதிரி நம்ம வெதர்ல தானாப் பொங்குறது கள்ளு. நீங்க குடிக்கிற வழக்கமான பீர், லாகர். அதுக்கு வேற இன ஈஸ்ட், பத்து டிகிரிக் குளிர், வாரக் கணக்குல காத்திருப்பு எல்லாம் வேணும். முப்பத்தஞ்சு டிகிரி வெயில் அடிக்கிற கும்மிடிப்பூண்டிக்கு எது பொருத்தம்? பானைக்குள்ள சுண்ணாம்பு தடவினா பதநீர், தடவாம விட்டா கள்ளு. காலையில இறக்குனது மத்தியானத்துக்குள்ள நாலஞ்சு சதவீதத்துக்கு வந்துடும். அதாவது அந்த லண்டன் ஏல் அளவு. அடுத்த நாள் புளிச்சுக் காடி ஆயிடும். அதனால குடோன்ல அடுக்க முடியாது, பழசைத் தள்ளிவிட முடியாது. தேதி ஒட்ட வேண்டிய அவசியமே இல்லாத சரக்கு.

தமிழ்நாட்டுல இது 1987 ஜனவரி 1லிருந்து குத்தம். எங்க ஊர்லேருந்து எளாவூர், ஆரம்பாக்கம் தாண்டி தடாவுக்குள்ள நுழைஞ்சா ஆந்திரா. அங்க லைசென்ஸோட இறக்குறாங்க. அந்தப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனப்ப குடிச்சுப் பாத்திருக்கேன். வெள்ளையா, லேசா மூக்குல ஏறுற வாடையோட இருக்கும். முதல்ல இளநீர் இனிப்பு, அப்புறம் மோர்ப் புளிப்பு, நாக்கு நுனியில குறுகுறுன்னு ஒரு கேஸ். வாடை எல்லாருக்கும் பிடிக்காது, ஈ மொய்க்குறதும் உண்மை. நான் பத்துக்கு ஏழு கொடுப்பேன். அதே பனை, அதே செம்மண், நடுவுல ஒரு செக்போஸ்ட். அந்தப் பக்கம் தொழில், இந்தப் பக்கம் கேஸு.

கள்ளுல கலப்படம் பண்ணுவாங்களேன்னு கேப்பீங்க. பண்ணுவாங்க. தெலங்கானாவுல தூக்க மாத்திரைப் பொடியும் குளோரல் ஹைட்ரேட்டும் கலக்குற கூட்டம் இருக்கு, 2025 ஜூலையில ஹைதராபாத் குகட்பள்ளி பக்கம் அப்படி உயிர்களே போச்சு. நான் அதை மறைச்சுப் பேசல. ஆனா அது நடந்தது, மரமே பக்கத்துல இல்லாத நகரத்துக் கடையில. ஆயிரம் பேருக்கு ஊத்தணும், மரத்துலேருந்து அவ்வளவு வராது, அப்பத்தான் பொடி வேலை செய்யுது. மரம் இருக்குற ஊர்ல, மரத்துக்கு நம்பர் போட்டு, அன்னிக்கு இறக்குனதை அன்னிக்கே, ஏறுனவனே விக்கட்டும்னு விதி எழுதிச் சோதனை பண்ணுறது அவ்வளவு கஷ்டமா? கேரளாவுல அரசாங்க லைசென்ஸோட கள்ளுக்கடை நடக்குது. இன்னொண்ணையும் யோசிங்க. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில அறுபது பேருக்கு மேல செத்தாங்க. மெத்தனால் கலந்த சாராயத்தால. தடையும் இருந்துச்சு, கடையும் இருந்துச்சு, ரெண்டும் அவங்களைக் காப்பாத்தல. கடைச் சரக்கு வாங்கக் காசு இல்லாதவன் பாக்கெட்டுக்குப் போறான். அவனுக்கும் அந்த பாக்கெட்டுக்கும் நடுவுல குறைஞ்ச போதையில, குறைஞ்ச விலையில ஒரு பொருள் இருந்திருக்கணும். அந்த இடத்தைத்தான் 1987லயே காலி பண்ணிட்டோம்.

பனையைக் காப்பாத்துறோம்னு வேற சொல்றாங்க. மாநில மரம். 2021 வேளாண் பட்ஜெட்ல கலெக்டர் அனுமதி இல்லாம பனையை வெட்டக் கூடாதுன்னு அறிவிச்சாங்க, 76 லட்சம் விதை நடப் போறதாவும் சொன்னாங்க. நல்ல விஷயம், திருவள்ளூர்ல செங்கல் சூளைக்குப் போன பனையைக் கணக்குப் பண்ணா வயிறு எரியும். ஆனா நட்ட விதை பாளை விடப் பதினஞ்சு வருஷமாவது ஆகும். பாளை விட்டதும் என்ன பண்றது? வெட்டக் கூடாது. கள்ளும் இறக்கக் கூடாது. பதநீர் இறக்கலாம், சரி, ஏற ஆள் எங்க? ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, நெஞ்சுத் தோலு உரிய ஏறி இறங்குறவனுக்குப் பதநீர்ல கிடைக்கிற காசு பத்தல. எங்க ஊர்ல கடைசியா மரம் ஏறுன தாத்தாவோட பேரன் இப்ப சிப்காட்ல செக்யூரிட்டி. சாயங்காலம் அவன் கையிலயும் ஸ்ட்ராங் பாட்டில்தான்.

சென்னையில பாட்டில் வாங்குற உங்ககிட்ட நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. பணம் கொடுக்குறதுக்கு முன்னாடி லேபிளைத் திருப்பிக் காய்ச்சுன தேதியைப் பாருங்க. பழசா இருந்தா வேற கேளுங்க, சண்டை போட்டாவது கேளுங்க. உங்க பேச்சு எடுபடும், செக்யூரிட்டிப் பையன் பேச்சு எடுபடாது. அப்படியே, ஸ்ட்ராங்குக்கும் லைட்டுக்கும் ஏன் இப்படி வரி போடுறாங்கன்னும், அஞ்சு சதவீதம்கூட எட்டாத கள்ளு ஏன் குத்தம், எட்டு சதவீத பாட்டில் ஏன் வருமானம்னும் கேட்டுவைங்க. ஆம்பர் ஏல் பத்திப் பேசுற அதே வாயாலதான்.

எங்க வரப்புல பதினோரு பனை இருக்கு. ஏழு பொம்பளைப் பனை, கோடையில நுங்கு வெட்டி ஜி.என்.டி. ரோட்டு ஓரத்துல விக்கிறோம். மீதி நாலும் ஆண் பனை. நுங்கும் கிடையாது, பழமும் கிடையாது, பாளை விட்டுக் காஞ்சு விழுது.