செத்த இடம் வேற, செத்த காரணம் வேற

1/ சாஃப்ட்வேர் க்ராஷ் ஆனா டீபக்கர் ஒரு ஸ்டேக் ட்ரேஸ் காட்டும். அதோட மேல் வரியை மட்டும் பாத்துட்டு "கண்டுபிடிச்சாச்சு"ன்னு சொல்றது, இறப்புச் சான்றில் "இதயம் நின்றது"ன்னு எழுதுற மாதிரி. ஒரு டாக்டரா இதைப் பத்திக் கொஞ்சம் சொல்றேன்.

2/ யார் செத்தாலும் இதயம் நிக்கத்தான் செய்யும். அதனாலதான் மரணக் காரணப் படிவத்துல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வரிகள் இருக்கு. (அ) செப்சிஸ். (ஆ) அது வந்தது காலில் அழுகின புண்ணால. (இ) புண்ணுக்குக் காரணம் சர்க்கரை நோய். மூலகாரணம் கடைசி வரியில.

3/ ஸ்டேக் ட்ரேஸும் அப்படித்தான். மேல இருக்கறது கடைசியா ஓடின ஃபங்ஷன். அதைக் கூப்பிட்டது அடுத்த வரி. விண்டோஸ் நீலத்திரை டம்ப்பில் மேல் வரிகள் பெரும்பாலும் "எல்லாத்தையும் நிறுத்து"ன்னு விண்டோஸே கூப்பிட்டவை. அதான் அங்க "இதயம் நின்றது".

4/ உதாரணம், 2024 ஜூலை 19, க்ரவுட்ஸ்ட்ரைக். மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கணினிகள் படுத்துச்சு. விமானம் ரத்து, பல நாட்டு மருத்துவமனைகள்ல அறுவை சிகிச்சை தள்ளிவைப்பு.

5/ ட்ரேஸ்ல க்ரவுட்ஸ்ட்ரைக் டிரைவர் பேர் தெளிவா இருந்துச்சு. அதை வெச்சு "நல் பாயின்டர் பிரச்சினை"ன்னு ஒரு விளக்கம் வைரல் ஆச்சு. அது தப்பு.

6/ ஆகஸ்டில் நிறுவனமே சொன்ன காரணம்: விதி எதிர்பார்த்தது 21 உள்ளீடு. கோட் கொடுத்தது 20. இல்லாத 21-வதைப் படிக்கப் போய் நினைவக எல்லையைத் தாண்டிடுச்சு.

7/ என் கணக்குல இதுகூட (ஆ) வரிதான். (இ) என்ன? டெஸ்ட்ல 21-வது இடத்துல "எது வந்தாலும் சரி"ன்னு வெச்சிருந்தாங்க, அதனால ஓட்டை தெரியல. சரிபார்க்கற புரோகிராமும் பாஸ் பண்ணிடுச்சு. அப்டேட்டைக் கட்டம் கட்டமா அனுப்பாம ஒரே அடியா அனுப்பினாங்க. இதுல ஒண்ணுகூட ஸ்டேக் ட்ரேஸ்ல வராது.

8/ ஏன்னா, யார் யாரைக் கூப்பிட்டாங்கன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். தப்பான டேட்டாவை வெச்சவன் வேலையை முடிச்சுட்டு எப்பவோ போயிருப்பான்.

9/ க்ராஷ் ஆன வரியில ஒரு "இஃப்" போட்டு ஃபைலை மூடாதீங்க. அது பாராசிட்டமால். காய்ச்சலுக்குக் கொடுக்கலாம், தப்பில்ல. ஆனா "எத்தனை நாளா இருக்கு? அதுக்கு முன்னாடி என்ன ஆச்சு?"ன்னு கேக்காம நோயாளியை வீட்டுக்கு அனுப்பினா, திரும்பி வருவார். அடுத்த தடவை இன்னும் மோசமா.